பாபிளா, ஆர்னமென்ட்டா, கலர் பாலா? கிறிஸ்துமஸ் மரத்துச் சாமான்களின் இங்கிலீஷ் பெயர்கள்

டிசம்பர் 1, காலை (கேள்வி)

மகள் மூன்றாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் மரம் வரைந்து, அதில் தொங்குகிற ஒவ்வொரு சாமானுக்கும் இங்கிலீஷ் பெயர் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பால், பெல், ஸ்டார், லைட் எழுதியாச்சு. பத்து வேணுமாம். என்னைக் கேட்டால் மிச்சமெல்லாம் டெகரேஷன் ஐட்டம்தான். இதுக்கு மேல் தனித்தனிப் பெயர் இருக்கவா போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சார்ட் பேப்பர் வாங்க இன்றைக்குச் சாயங்காலம் டவுனுக்குப் போகிறேன்.

டிசம்பர் 1, இரவு (பதில்)

இருக்கிறது. பத்து என்ன, இருபது தேறும். ஆனால் ஒரே சாமானுக்கு லண்டனில் ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு பெயர், மதுரை எழுகடல் தெருவில் எங்கள் மாமா பேன்சி கடையில் ஒரு பெயர். எதை எழுதுவது என்பதுதான் தலைவலி.

முதலில் அந்த பால். இங்கிலாந்துக்காரர் அதை பாபிள் என்பார். அமெரிக்கர் ஆர்னமென்ட் என்பார். ஆர்னமென்ட் என்றால் உருண்டை மட்டுமல்ல, மரத்தில் தொங்கவிடுகிற பொம்மை, மணி, குட்டி வீடு எல்லாமே. பாபிள் பெரும்பாலும் உருண்டைதான். அந்த வார்த்தைக்கு ஒன்றுக்கும் உதவாத மினுக்குச் சாமான் என்றும் ஒரு பொருள் உண்டு. எங்கள் கடையில் கலர் பால். டஜன் கணக்கில் டப்பா.

முன்பெல்லாம் இது கண்ணாடி. ஜெர்மனியில் லௌஷா என்ற மலையூரில் கண்ணாடி ஊதுகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் செய்ய ஆரம்பித்து, அங்கிருந்து அமெரிக்கா வரைக்கும் போனது. இப்போது நம் கைக்கு வருவது பிளாஸ்டிக். தலையில் ஒரு தகர மூடி இருக்கும், அதற்குள் இரண்டு கால் விரித்த கம்பி. கம்பியைச் சேர்த்து அமுக்கி உள்ளே விட்டால், உள்ளே போய்க் கால் விரித்துப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் மூடியைப் பிடித்து இழுப்பார்கள், மூடி கையோடு வரும், உருண்டை தரையில் ஓடும். ஒவ்வொரு டிசம்பரிலும் மாமா கடைத் தரையில் தலையில்லாத உருண்டைகளைக் குனிந்து பொறுக்குவதுதான் என் வேலை. மூடிக்கு இங்கிலீஷில் கேப், மாட்டுகிற கொக்கிக்கு ஹூக். அதுவும் உங்கள் பத்தில் சேரும்.

டிசம்பர் 2, மதியம்

டின்சல். இது கொஞ்சம் நீளும்.

போன வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா கடைக்கு வந்து டின்சல் கேட்டார். மாமா எடுத்துக்கொடுத்தது, கம்பியில் சுற்றி முடி முடியாக நிற்கும் பச்சை, சிவப்பு, தங்கக் கலர் மாலை. அந்த அக்கா தலையாட்டுகிறார், இது இல்லை என்கிறார். மாமாவோ டின்சல் என்றால் இதுதானம்மா, அட்டையிலேயே அப்படித்தானே போட்டிருக்கிறான் என்கிறார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இருவர் சொன்னதும் சரிதான். இங்கிலாந்தில் டின்சல் என்றால் அந்த முடி மாலை. அமெரிக்காவில் பலருக்கு டின்சல் என்றால் தனித்தனி வெள்ளி இழை, கிளை கிளையாகப் போட்டுத் தொங்கவிடுவது. முடி மாலையை அவர்கள் கார்லண்ட் என்பார்கள், அல்லது டின்சல் கார்லண்ட். அந்த வெள்ளி இழைக்கு ஐசிகிள் என்றும் ஒரு பெயர் உண்டு. கூரை விளிம்பில் நீர் சொட்டிச் சொட்டி உறைந்து ஊசியாகத் தொங்குமே, அது. நம் கடைப் பையன் அதை ஐஸ் சைக்கிள் என்று பில்லில் எழுதிவிட்டான். ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு வருகிற சைக்கிள்தான் அவனுக்குத் தெரியும்.

மாமா கடையில் இதற்குப் பழைய பெயர் ஜிகினா மாலை. வேடிக்கை என்னவென்றால், டின்சல் என்ற வார்த்தை பிரெஞ்சிலிருந்து வந்தது, அடியில் இருப்பது தீப்பொறி என்ற பொருள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷில் அது மரத்தில் தொங்கவே இல்லை. தங்க இழை, வெள்ளி இழை சேர்த்து நெய்த துணிக்குத்தான் அந்தப் பெயர். அதாவது ஜரிகைத் துணி. மதுரையில் ஜரிகையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பை முன்பு புதுமண்டபத்தில் தைத்தார்கள், இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சிவப்புத் துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிறார்களே மினுமினுவென்று ஒரு பட்டை, 16-ஆம் நூற்றாண்டு லண்டன்காரர் பார்த்தால் அதைத்தான் டின்சல் என்பார். பிளாஸ்டிக் மாலையைப் பார்த்தால் இது என்ன பூனை வாலா என்று கேட்பார்.

இன்னொன்று. வெள்ளி சீக்கிரம் கறுக்கும் என்பதால் பின்னாளில் ஈயத் தகடு சேர்த்து இழை செய்தார்கள். கனமாக, நேராகத் தொங்கும், அழகுதான். ஆனால் ஈயம். குழந்தை வாயில் வைத்தால் என்ன ஆவது? 1971-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் ஆபத்து என்று சொன்னபிறகு கம்பெனிகள் கைவிட்டன. இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக். காற்றடித்தால் பறக்கும்.

டிசம்பர் 2, மாலை

கீழே கமென்ட்டில் ஒருவர், ஜிகினா என்றால் பளபளக்கும் தூள், டின்சல் இல்லை என்கிறார். இன்னொருவர், இல்லை அது சமிக்கி என்கிறார். சமிக்கி வேறு. நடுவில் ஓட்டை போட்ட குட்டி வட்டம், ஊசியில் கோத்துத் தைப்பது, இங்கிலீஷில் சீக்வின். தூளுக்கு கிளிட்டர். தாளுக்கு ஃபாயில். நாம் தூள், தாள், மாலை மூன்றையும் ஜிகினா என்கிறோம், அதனால் இவர் சொல்வதும் சரி. கடையில் ஜிகினா கேட்டால் எந்த ஜிகினா என்று திருப்பிக் கேட்பார்கள். யாரும் அதனால் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 4

சீரியல் செட்டை விட்டுவிட்டேனாம். எப்படி விடுவேன், டிசம்பரில் கடையில் பாதி வியாபாரம் அதுதான்.

இங்கிலாந்தில் ஃபேரி லைட்ஸ். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் லைட்ஸ், ஸ்ட்ரிங் லைட்ஸ். மதுரையில் அம்மன் கோயில் கொடை என்றாலும், கல்யாண வீடு என்றாலும், சர்ச் என்றாலும் சீரியல் செட். இது டிவி சீரியல் இல்லை என்று இப்போது பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். எலக்ட்ரீஷியன் சொல்லும் சீரிஸ் கனெக்‌ஷன். பல்புகள் வரிசையாக, ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்குக் கரண்ட் போகும். 6 வோல்ட் பல்பு சுமார் 40 சேர்ந்தால்தான் வீட்டு 230 வோல்ட்டைத் தாங்கும். ஒன்று போனால் மொத்தமும் அணையும். பழைய செட் வைத்திருந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஒரு நல்ல பல்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியாகக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். முப்பத்தெட்டாவது பல்பில்தான் எரியும், எப்போதும்.

ஃபேரி லைட்ஸ் என்ற பெயர் கேட்க அழகு, ஆனால் அந்தப் பெயரில் கம்பி எப்படிப் போகிறது என்பது தெரியாது. சீரியல் செட் என்பதில் தெரிகிறது. இதற்காகவே எனக்கு நம் பெயர்தான் பிடிக்கும்.

மரத்தில் முதலில் மின்விளக்கு மாட்டியவர் எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன். 1882, நியூயார்க்கில் அவர் வீடு. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு. மரமே சுற்றும்படி வேறு வைத்திருந்தார். அதற்கு முன் கிளைகளில் நிஜ மெழுகுவர்த்திதான் ஏற்றினார்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு.

டிசம்பர் 5

ரீத். எழுத்தில் முதலில் டபிள்யூ வரும், வாயில் வராது. ரைட் (எழுது), ராங் (தப்பு) மாதிரியேதான்.

இலை, பழம், ரிப்பன் சேர்த்துக் கட்டிய வளையம். வெளிநாட்டில் வாசற்கதவில் மாட்டுவார்கள். அகராதியில் பார்த்தால் மலர் வளையம். அங்கேதான் வினை. நம் ஊரில் மலர் வளையம் எங்கே பார்த்திருக்கிறோம்? பேப்பரில் தலைவர் படத்துக்குக் கீழே, மலர் வளையம் வைத்து அஞ்சலி.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம், பெங்களூரில் இருந்து மாறி வந்தவர்கள். டிசம்பர் பிறந்ததும் கதவில் பெரிய வளையம் மாட்டினார்கள், பச்சை இலை, சிவப்பு ரிப்பன், எல்லாம் பிரமாதம். மறுநாள் விடிகாலை பூக்காரம்மா படியேறிப் போனவர் பூ கொடுக்காமலே இறங்கி வந்து என் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "மேல யாருக்கா? பெரியவரா?" என்று கேட்டார். அம்மாவும் பதறிப்போய் மேலே போனால், அந்தப் பெரியவர் ஹாலில் உட்கார்ந்து தெம்பாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் அந்த வளையத்தில் அவர்களே ஒரு சின்ன மணியும் சாண்டா பொம்மையும் சேர்த்துக் கட்டினார்கள். இப்போது யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

அட்வென்ட் ரீத் என்று ஒன்றும் உண்டு. படுக்க வைத்த வளையம், மேலே நாலு மெழுகுவர்த்தி. கத்தோலிக்க வீடுகளில், கோயில்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒன்று ஏற்றுவார்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஸ், அந்த ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு. இதைத் தொடங்கி வைத்தவர் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், 1839-ல். கிறிஸ்துமஸ் எப்போ எப்போ என்று பையன்கள் நச்சரித்ததால் நாள் எண்ணிக் காட்டச் செய்தது என்பார்கள்.

டிசம்பர் 5, பின்னிரவு

ஒருவர் கேட்கிறார், ரீத்தும் கார்லண்டும் ஒன்றுதானே என்று. வட்டமாக மூடியிருந்தால் ரீத், நீளமாகப் போனால் கார்லண்ட். நம் மாலை இரண்டு முனையும் சேர்ந்தது என்றாலும் அதை இங்கிலீஷில் கார்லண்ட் என்றுதான் சொல்கிறோம். வளைந்து தொங்குகிறதே, அதனால். கேள்வி கேட்டவரிடம் ரொம்ப யோசிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

டிசம்பர் 8

மரத்துக்கே வருவோம்.

நம் பக்கம் பல வீடுகளில் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். கட்டிட வேலைக்கு வரும் கம்பில் நுனியை வெட்டி வந்து, மணல் போட்ட பெயின்ட் டப்பாவில் நடுவார்கள். டப்பாவைச் சுற்றி கிஃப்ட் பேப்பர். சவுக்கு இலை ஊசி ஊசியாகத் தொங்குவதால் கனமான உருண்டை தாங்காது, கிளை அப்படியே தரையைப் பார்க்கும். பலூனும் கலர்ப் பேப்பரும்தான் சரிப்படும். நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்பது பெரும்பாலும் அராக்கேரியா. இங்கிலீஷில் நார்ஃபோக் ஐலண்ட் பைன் என்று பெயர் ஒட்டியிருக்கும், ஆனால் அது பைன் இல்லை, வேறு குடும்பம். பசிபிக் தீவுக்காரர்.

வெளிநாட்டில் சொல்வது ஃபர், ஸ்ப்ரூஸ், பைன். ஃபர் மரம் என்றதும் ரோமம் வைத்த மரமா என்று கடையில் ஒருவர் கேட்டார், ஏனென்றால் ரோமத்துக்கும் இங்கிலீஷில் ஃபர், இரண்டும் நம் காதுக்கு ஒன்றுதான். எளிய அடையாளம்: ஃபர் இலை தட்டை, காய் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். ஸ்ப்ரூஸ் இலையை விரலில் உருட்டலாம், நாலு பக்கம் இருக்கும், காய் கீழே தொங்கும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வைக்கிற மரம் ஸ்ப்ரூஸ்தான். இரண்டாம் உலகப்போரில் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆஸ்லோ நகரம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் மரம் வைக்கும் ஆசை பொதுமக்களுக்குப் பரவியது 1848-ல், விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தபிறகு. மரம் அவர் கணவர் ஆல்பர்ட் வீட்டு வழக்கம், ஜெர்மானியர்.

மரத்தை அலங்கரிப்பதை அமெரிக்கர் ட்ரிம் பண்ணுவது என்பார். நமக்கு ட்ரிம் என்றால் சலூன். ட்ரிம் தி ட்ரீ என்று படித்துவிட்டு யாரும் கத்தரிக்கோலோடு கிளம்பவேண்டாம்.

டிசம்பர் 9

மரத்தின் அடியில் ஸ்டாண்டை மறைக்கச் சுற்றி விரிக்கிற துணிக்கு ட்ரீ ஸ்கர்ட். ஆமாம், பாவாடைதான். மாமா நம்பவில்லை, நான் கேலி செய்கிறேன் என்றே நினைக்கிறார்.

டிசம்பர் 11

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். சார்ட்டில் பாபிள் என்று எழுதியதை சிவப்பு மையில் அடித்துவிட்டு மேலே பால் என்று எழுதி அனுப்பிவிட்டார்களாம். பிள்ளை அழுகிறாளாம். போய்ச் சண்டை போடவா என்று கேட்கிறார். வேண்டாம். அகராதியை எடுத்துப்போய்க் காட்டினால் போதும். குரலை உயர்த்தாமல் காட்டுங்கள்.

அவர் கேட்ட அடுத்தது, குடிலுக்கு இங்கிலீஷில் என்ன. இங்கேயும் இரண்டு இங்கிலீஷ் முட்டிக்கொள்கின்றன. இங்கிலாந்தில் க்ரிப். நம் கோயில்களிலும் பழைய ஆட்கள் க்ரிப் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்கரிடம் க்ரிப் என்றால் குழந்தை படுக்கும் கம்பி போட்ட கட்டில். அவர்களுக்கு நேட்டிவிட்டி சீன், அல்லது க்ரெஷ். சரி, மேஞ்சர்? மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி மட்டும்தான் மேஞ்சர், முழுக் குடில் இல்லை. பழைய தமிழ் பைபிளில் முன்னணை. கத்தோலிக்கர் இப்போது வாசிக்கும் மொழிபெயர்ப்பில் தீவனத் தொட்டி. முன்னணை என்றால் என்ன என்று சண்டே ஸ்கூலில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் தலையணைக்குச் சொந்தம் என்று நினைக்கின்றன. என்ன செய்ய, வீட்டில் மாடு இல்லை.

குடில் கட்டுவதில் மதுரைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது என் கட்சி. கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்கு டிசம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள். வீடுகளிலும் விடமாட்டார்கள். என் நண்பன் வீட்டில் அவன் பாட்டி, மாதத் தொடக்கத்திலேயே தட்டில் மண்ணும் எருவும் பரப்பிக் கேழ்வரகு தூவிவிடுவார். முளைப்பாரி போட்டுப் பழகிய ஊர், சொல்லித்தரவா வேண்டும். இருபத்துநாலாம் தேதிக்கு விரல் உயரத்துக்கு வயல் நிற்கும். வைக்கோல் கூரை, செம்மண் தாளை நனைத்துக் கசக்கிச் செய்த மலை, கண்ணாடித் துண்டில் குளம், குளத்தில் பிளாஸ்டிக் வாத்து. அப்புறம் சுரூபங்கள்: சூசையப்பர், மாதா, இடையர், ஆடு, மாடு, கழுதை. ஒட்டகத்துக்கு ஒரு கால் உடைந்து பல வருஷம் ஆகிறது, மலைமேல் சாய்த்து வைத்துவிடுவார்கள். ஒரு மூலையில் கொலுவிலிருந்து வந்த செட்டியார் பொம்மையும் கடை விரித்து உட்கார்ந்திருக்கும், பெத்லகேமிலும் பருப்பு வேண்டும்தானே. பாலன் இயேசு மட்டும் இருக்கமாட்டார். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் பாட்டி பீரோவிலிருந்து எடுத்து வைப்பார்.

இதன் மூலவர் அசிசி பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். சுரூபமெல்லாம் அப்புறம் வந்தது.

டிசம்பர் 13

கிராக்கர் எங்கே தொங்கவிடுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார், ஏதோ இங்கிலீஷ் லிஸ்ட்டில் பார்த்தாராம். தயவுசெய்து சிவகாசிச் சரக்கை மரத்தில் கட்டிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் கிராக்கர் என்பது பெரிய மிட்டாய் சுற்றியது போன்ற அட்டைக்குழல். சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுக்க, டப் என்று கிழியும், உள்ளே ஒரு காகிதத் தொப்பி, ஒரு கடி ஜோக், ஒரு சின்னப் பொருள். 1840-களில் டாம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய் வியாபாரி ஆரம்பித்தது. டப் சத்தத்துக்கு உள்ளே துளியூண்டு மருந்து தடவிய பட்டை உண்டு, அந்த அளவில் சிவகாசிக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

செடி வகைகளையும் முடித்துவிடுகிறேன். ஹாலி: முள் விளிம்பு இலை, சிவப்புப் பழம், தின்னக்கூடாது. பாயின்செட்டியா: சிவப்பாக இருப்பது பூ இல்லை, இலை. மெக்சிகோச் செடி, அங்கே தூதராக இருந்த அமெரிக்கர் பாயின்செட் பெயரால் வந்தது. எங்கள் தெருவில் இதை பாயும் செட்டியாரும் பங்கு போட்ட கடை என்று கலாய்ப்பார்கள்.

மிசில்டோ: இதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டு நிலையில் தொங்கவிட்டு, அதன் கீழ் நிற்பவர்கள் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அது என்ன செடி தெரியுமா? புல்லுருவி வகை. நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் புல்லுருவி என்று சொல்லிப் பாருங்கள், அரிவாளைத்தான் தேடுவார். மாங்கிளையில் குருவி போட்ட எச்சத்தில் விதை ஒட்டி, கிளைக்குள் வேர் இறக்கி, மரத்துச் சாறை உறிஞ்சிக் கொழுக்கிறது. அங்கே உள்ளதும் இங்கே உள்ளதும் வேறு வேறு இனம், ஆனால் தொழில் ஒன்று. உழைக்காமல் அண்ணன் வீட்டில் தின்பவனை நாம் திட்டுகிற பேரின் கீழே நின்று முத்தம். நல்லா இருக்கு கதை.

டிசம்பர் 16

இங்கிலாந்து இங்கிலீஷா, அமெரிக்க இங்கிலீஷா, ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று ஒருவர் கோபப்படுகிறார்.

மதுரையை வைத்துப் பார்த்தால் அமெரிக்கப் பேச்சுக்குத்தான் உரிமை அதிகம் என்று வாதாடலாம். அமெரிக்க மதுரா மிஷன் வந்தது 1834. பசுமலை, தல்லாகுளம், அமெரிக்கன் காலேஜ் எல்லாம் அந்த வழி. ஆனால் அவர்கள் பூர்வீகம் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி, பியூரிட்டன் என்ற கறாரான கிறிஸ்தவ மரபு. அந்த மசாசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம்! பைபிளில் தேதி இல்லை, எனவே பண்டிகை இல்லை என்பது அவர்கள் நியாயம். ஆக, மரத்து அலங்காரப் பேச்சை அவர்களிடம் கற்றிருப்போம் என்று நினைக்கவும் வழியில்லை. பாடப்புத்தகம் இங்கிலாந்து, சினிமா அமெரிக்கா, அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது சீனா.

என் யோசனை: யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்கள் பேச்சு. வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர் இரண்டையும் போடட்டும், வாங்குகிறவர் எதைத் தட்டித் தேடினாலும் கிடைக்கும். பள்ளிக்கூட சார்ட்டுக்கு எது வேண்டுமானாலும் போடலாம், ஆனால் எந்தச் சாமானைச் சொல்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு தடவை கடைக்குக் கூட்டிப்போய்க் கையில் எடுத்துக் கொடுங்கள். நான் அப்படித்தான் கற்றேன், அட்டையைப் படித்து அல்ல, டஜன் எண்ணி அடுக்கி.

டிசம்பர் 19

ஸ்டார். இதை யாருமே கேட்கவில்லை, தெரிந்ததுதானே என்று. ஆனால் வெளிநாட்டு லிஸ்ட்டில் ஸ்டார் என்றால் மரத்தின் உச்சியில் குத்துகிற ட்ரீ டாப்பர். நட்சத்திரமோ, ஏஞ்சலோ, இங்கிலாந்தில் சிலர் வீட்டில் ஃபேரியோ. நம் ஸ்டார் மொட்டைமாடியில், வேப்பமரத்தில், வாசல் கிரில்லில் தொங்குவது. உள்ளே ஒரு பல்பு, வெளியே ஓட்டை போட்ட அட்டைத் தாள். இங்கே ஒரு வீட்டில் மரம் இல்லாமல் இருக்கலாம், ஸ்டார் இல்லாமல் இருக்காது. தெருவில் ஸ்டார் தொங்கினால்தான் அது கிறிஸ்தவர் வீடு என்று தபால்காரருக்குத் தெரியும். இப்போது கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அழகுக்காக வாங்கிப்போகிறார்கள், கடைக்கு நல்லது. இங்கிலீஷில் பேப்பர் ஸ்டார் லேண்டர்ன் என்று போடலாம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலும் உள்ளே விளக்கு வைத்த நட்சத்திரம் பிரபலம், பல திசையிலும் முனை நீட்டிக்கொண்டிருக்கும், மொராவியன் ஸ்டார் என்று பெயர். அது 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பையன்கள் கணக்குப் பாடத்துக்குச் செய்ய ஆரம்பித்ததாம்.

டிசம்பர் 19, கொஞ்சம் கழித்து

கேண்டி கேன் விட்டுப்போச்சு. கைத்தடி வடிவத்துப் பெப்பர்மின்ட் மிட்டாய், சிவப்பு வெள்ளைக் கோடு. நமக்கு வருவது பிளாஸ்டிக், தின்றால் பல் போகும். ஸ்டாக்கிங்: முழங்கால் வரை வரும் காலுறை, சாண்டா பரிசு போட. அவர்கள் அதைக் கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டுவார்கள். மதுரையில் கணப்பு எதற்கு, பிரிட்ஜ் கைப்பிடியில் மாட்டுங்கள். ரெயின்டியருக்கு நம் வாழ்த்து அட்டைகளில் கலைமான் என்று போடுகிறார்கள். கலைமான் வேறு மான், பனியில் வண்டி இழுக்காது. பனிமான் என்று எழுதினால் தேவலை. மரத்தில் அப்பும் பஞ்சுக்கு இங்கிலீஷ் கேட்டவருக்கு: காட்டன் ஸ்னோ.

ஜனவரி 6

அலங்காரத்தை எப்போது இறக்குவது என்று நிறையப் பேர் கேட்டதால் இன்றைக்கு எழுதுகிறேன். இங்கிலாந்தில் ட்வெல்ஃப்த் நைட், அதாவது பன்னிரண்டாம் இரவு வரை வைப்பார்கள். ஜனவரி 5 என்பார் சிலர், 6 என்பார் சிலர். அதற்கு மேல் விட்டால் ஆகாது என்று ஒரு பயம். நம் கத்தோலிக்க வீடுகளில் மூன்று ராஜாக்கள் திருநாள் தாண்டிக் குடிலைப் பிரிப்பார்கள். நண்பன் வீட்டில் இன்று காலையில்தான் ராஜாக்களை மலைப்பாதையிலிருந்து நகர்த்திக் குடிலுக்குள் கொண்டுவந்தார்கள். ஒட்டகம் மலையிலேயே.

மாட்டுவதற்கு புட் அப், இறக்குவதற்கு டேக் டவுன். சீரியல் செட்டை உருண்டையாகச் சுருட்டி வைக்காமல் பழைய அட்டையில் சுற்றி வையுங்கள், டிசம்பரில் என்னைத் திட்டமாட்டீர்கள்.

ஜனவரி 8

கடைசியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் மரத்தை ஆன்லைனில் விற்கப் பார்க்கிறாராம், ஃபேக் ட்ரீ என்று போடலாமா? ஆர்டிஃபிஷியல் ட்ரீ என்று போடுங்கள். பழங்காலத்தில் ஜெர்மனியில் வாத்து இறகைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கம்பியில் கட்டி மரம் செய்தார்கள், அதையும் யாரும் ஃபேக் என்று சொல்லி விற்கவில்லை. உயரம் எத்தனை அடி என்று போடுங்கள், ஸ்டாண்ட் உண்டா இல்லையா சொல்லுங்கள், எத்தனை கிளை உடைந்திருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். பாவாடையைத் தனியாக விலை வைக்கலாம்.